நட்பைக் கேலி செய்யலாமா?

தீங்கு என்றவுடன் கையால் செய்யும் தீங்கே முதலில் நம் நினைவுக்கு வருகிறது. நாவினால் செய்யும் தீங்கு அதற்கு அடுத்தபடி. விளையாட்டாகக் கேட்கும் ஒரு கேள்வியையும், அதைக் கேட்டுச் சுற்றியுள்ளோர் சிரிக்கும் சிரிப்பையும் நாம் தீங்கின் கணக்கில் எழுதுவதே இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றிய நானும் எழுதியதில்லை. எழுபது வயதைக் கடந்த பிறகு, பெல்ஜியம் நாட்டுத் திரைப்படம் ஒன்று அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்க வைத்தது. அப்படத்தையும், அதைக் கண்டவர்கள் வெவ்வேறு விதமாகக் கொண்ட கருத்துகளையும், அவற்றிலிருந்து எழும் ஓர் அறக்கேள்வியையும் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

இரு சிறுவர்களின் கதை

படத்தின் பெயர் 'க்ளோஸ்'. ஆங்கிலத்தில் இச்சொல்லை ஒரு விதமாக ஒலித்தால் நெருக்கம் என்று பொருள். மற்றொரு விதமாக ஒலித்தால் மூடுதல் என்று பொருள். இவ்விரண்டும் இக்கதைக்குப் பொருந்தும். இதை இயக்கிய லூகாஸ் டோன்ட் 1991இல் கென்ட் நகரில் பிறந்தவர். 2022இல் நடைபெற்ற 75ஆம் கான் திரைப்பட விழாவில் இப்படம் கிராண்ட் ப்ரீ என்னும் பெரும்பரிசை மற்றொரு படத்தோடு பகிர்ந்து பெற்றது. 2023இல் ஆஸ்கர் விருதுக்கான அயல்நாட்டுப் படங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. பெரும் பொருட்செலவோ, சண்டையோ, ஆடல்பாடலோ இல்லாத சிறிய படம். முதன்மை வேடங்களில் நடித்த சிறுவர் இருவருக்கும் இதுவே முதல் படம்.

லியோ, ரெமி என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவர் இருவர். லியோவின் குடும்பத்தார் மலர்ப்பண்ணை வைத்திருப்பவர்கள். ரெமி ஓபோ என்னும் குழலிசைக் கருவி பயில்பவன். கோடை முழுவதும் இருவரும் மலர் வயல்களுக்கிடையே ஓடி விளையாடுகிறார்கள். மிதிவண்டியில் ஒன்றாகச் செல்கிறார்கள். இரவில் ரெமியின் வீட்டில் அருகருகே படுத்துக் கதை பேசி உறங்குகிறார்கள். இரு வீட்டுப் பெற்றோர்க்கும் இருவரும் பிள்ளைகளே. அதுவரை அந்த நட்புக்குப் பெயரிட வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை.

விடுமுறை முடிந்து புதிய பள்ளிக்குச் செல்கிறார்கள். அங்கே ஒரு மாணவி, 'நீங்கள் இருவரும் காதலர்களா?' என்னும் பொருள்படக் கேட்கிறாள். அவள் தீயவள் அல்லள். அறிய விரும்பிக் கேட்டாள். லியோ மறுக்கிறான், நாங்கள் உடன்பிறந்தவர்களைப் போன்றவர்கள் என்கிறான். ரெமி ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. வேறு மாணவர்களின் ஏளனச் சொற்களும் தொடர்கின்றன. அன்று முதல் லியோ சிறிது சிறிதாக விலகுகிறான். புல்தரையில் தன்மேல் தலைசாய்த்த நண்பனை விட்டு நகர்ந்து கொள்கிறான். ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் சேர்கிறான். ஒருநாள் காலை ரெமிக்காகக் காத்திராமல் தனியே மிதிவண்டியில் பள்ளிக்குப் போய்விடுகிறான். ஏன் காத்திருக்கவில்லை என்று ரெமி பள்ளி முற்றத்தில் அனைவர் முன்னிலும் அழுதுகொண்டு கேட்கிறான். அது கைகலப்பில் முடிகிறது.

பின்னர் ஒருநாள் மாணவர்கள் கடற்கரைக்குச் சுற்றுலா செல்கிறார்கள். ரெமி வரவில்லை. திரும்பி வரும்போது பிள்ளைகளுக்காகப் பெற்றோர்கள் காத்து நிற்கிறார்கள். ரெமி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்ற செய்தியை லியோவின் தாய் மகனிடம் சொல்கிறாள். இறப்பைப் படம் காட்டவில்லை. எஞ்சிய பாதிப் படமும் உயிரோடிருக்கும் சிறுவனின் துயரம்தான்.

பார்த்தவர்கள் சொன்னவை

சென்ற கோடை விடுமுறையில் வந்திருந்த என் பேத்தி இப்படத்தைக் கணினியில் காட்டினாள். உடன் பார்த்தவர்கள் என் மகன், மருமகள், பதினான்கு வயதுப் பேரன், பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர். படம் முடிந்ததும் பேத்தி தேம்பித் தேம்பி அழுதாள். 'அந்தத் தாய் எப்படித் தாங்கினாள்?' என்று மருமகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். மகன் பாதியில் தண்ணீர் குடிக்க எழுந்தவன் வெகுநேரம் உள்ளே வரவில்லை. வந்ததும் படம் மெதுவாகப் போகிறது என்றான். பேரன் ஒன்றுமே பேசவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள், 'அது சரி, அந்தப் பையன்கள் வெறும் நண்பர்கள்தானா, இல்லை வேறு ஏதாவதா?' என்று கேட்டார்.

எங்கள் கூடத்தில் எழுந்த இக்கருத்துகளே பெரிய அளவில் உலகெங்கும் எழுந்தன என்பதைப் பின்னர் பேத்தியின் வாயிலாக அறிந்தேன். மறக்க இயலாத படம் என்று கண்ணீரோடு போற்றியவர்கள் பலர். சிறுவனின் சாவை வைத்துப் பார்ப்பவரின் கண்ணீரைக் கறந்துவிட்டார்கள் என்று சினந்தவர்களும் உண்டு. இறந்தவனின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று காட்டாமல், எஞ்சியவனின் துயரையே படம் பின்தொடர்கிறதே என்று குறைகூறியவர்களும் உண்டு. இக்குறை புறக்கணிக்கத் தக்கதன்று. ஒரு குழந்தையின் மரணம் எவரையும் அழவைக்கும்; அழவைத்ததனாலேயே ஒரு படைப்பு உயர்ந்ததாகிவிடாது. வகுப்பில் பிள்ளைகளை அழவைப்பது எளிது. ஒரு பிள்ளையை எண்ண வைப்பதுதான் கடினம் என்பது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த உண்மை.

மற்றொரு சாரார், அச்சிறுவர்கள் நண்பர்களா, அதற்கு மேற்பட்டவர்களா என்பதைப் படம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். இயக்குநர் அதற்குப் பெயரிடவில்லை. இப்படத்திற்குத் தூண்டுதலாக இருந்ததாக அவரே கூறிய நூல் ஒன்று உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியை நயோபி வே எழுதி 2011இல் வெளிவந்த 'டீப் சீக்ரெட்ஸ்' என்பது அது. அமெரிக்கச் சிறுவர்களிடம் இளமைப் பருவத்தின் தொடக்கத்திலும், சில ஆண்டுகள் கழித்தும் பேசிப் பேசி அவர் எழுதினார். பதின்மூன்று, பதினான்கு வயதில் அச்சிறுவர்கள் தம் நண்பர்களைப் பற்றி மிகுந்த அன்போடு பேசுகிறார்கள். மறைபொருளை எல்லாம் அவனிடமே சொல்வேன் என்கிறார்கள். பதினாறு, பதினேழு வயதில் அதே பிள்ளைகள், அப்படிப்பட்ட நண்பன் இப்போது இல்லை என்கிறார்கள். எவரையும் நம்புவதற்கில்லை என்கிறார்கள். அன்பு இயல்பாக வற்றிவிடவில்லை. ஆண்மகனுக்கு இது தகாது என்று சுற்றியுள்ளோர் கற்பித்துக் கற்பித்து வற்றச் செய்தார்கள் என்பதே அவர் கண்ட முடிவு.

கேள்வி நம் வாயிலும் எழுகிறது

நிற்க. பக்கத்து வீட்டு அம்மாள் கேட்ட கேள்வியை வாசகர்கள் மறுமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். 'வெறும் நண்பர்கள்தானா?' படத்தில் அந்த மாணவி கேட்டதும் இதுவேயன்றோ! ஒரு நட்பை முறித்த கேள்வியை, அது முறிந்ததைக் கண்ணாரக் கண்ட பின்பும் நாம் கேட்கிறோம். அந்த அம்மாள் நல்ல மனம் படைத்தவர்; படம் முழுதும் கண்களைத் துடைத்துக்கொண்டே இருந்தவர். அவருக்கும் அக்கேள்வி எழுந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் எழுந்தது. நான் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவே.

இக்கேள்விக்கு என்ன விடை கிடைத்தால் நமக்கு மனம் ஆறும்? வெறும் நண்பர்கள் என்று அறிந்தால், வீணாக ஏளனம் செய்தார்களே என்று இரங்குவோம். அதற்கு மேற்பட்ட அன்பு என்று அறிந்தால் அந்த ஏளனம் நியாயமாகிவிடுமா? ஆகாது. விடை எதுவானாலும் ஒரு குழந்தையின் அன்பு ஊர் சிரிக்கும் பொருளாக்கப்பட்டது. அதன் வேதனை ஒன்றே. ஆகவே அந்த விடையைத் தேடுவது நமக்கு அறவழியில் எவ்விதப் பயனும் தருவதன்று. நம் ஆவலைத் தணிப்பதே அதன் பயன்.

தமிழாசிரியையாக நான் ஆண்டுதோறும் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பைப் பாடமாக நடத்தியவள். ஒருவரையொருவர் காணாமலே வளர்ந்த நட்பு அது. சோழன் வடக்கிருந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்து தன் நண்பர் வருவார் என்று உறுதியாகச் சொல்லி அவருக்கென இடம் ஒதுக்கச் சொன்னான். அவ்வாறே அவரும் வந்தார். அக்காலத்து முடிவை இக்காலத்தார் பின்பற்ற வேண்டும் என்பதன்று என் கருத்து. என் மனத்தைத் தொடுவது அந்த 'இடம்' என்னும் சொல்லே. ஓர் ஆண்மகன் மற்றோர் ஆண்மகன்பால் கொண்ட அன்புக்கும், அவனை இழக்கும் துயருக்கும் ஊரறிய ஓர் இடம் அன்று இருந்தது. அப்பாடத்தை நடத்தும்போது வகுப்பில் எவரும் சிரித்ததில்லை. மணி அடித்து முற்றத்திற்குச் சென்ற பிறகு, தோளில் கைபோட்டு நடந்த இருவரைப் பார்த்து அதே வகுப்பு சிரித்தது. பாடத்தில் போற்றியதை முற்றத்தில் நாமே பழித்தோம்.

லியோவுக்கும் அந்த இடம் இல்லை. நண்பனை இழந்தவன் என்று அவனைத் தேற்றுகிறார்கள். ஆயினும் அவன் உள்ளத்தில் இருப்பதைச் சொல்ல அவனுக்கு இடமில்லை. அவன் பனித்தரையில் விழுந்து எழுந்து ஆடுகிறான். தலைக்கவசத்தின் கம்பிகளுக்குப் பின்னால் அவன் முகம் மறைகிறது. பண்ணையில் பெரியவர்களோடு சேர்ந்து உழைக்கிறான். ஒருநாள் ஆட்டத்தில் கை எலும்பு முறிகிறது. மருத்துவர் மாவுக்கட்டுப் போடும்போது அவன் விம்மி விம்மி அழுகிறான். எலும்பு முறிந்தால் ஆண்பிள்ளை அழலாம். அதற்கு யாவரும் இசைவு தருகிறார்கள். நட்பு முறிந்து, நண்பனும் மறைந்ததற்கு அழ வேண்டுமானால் அவன் கை முறியும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

குற்றம் யாருடையது?

படம் பார்த்தவர்கள் மிகுதியாக வாதிடும் கேள்வி இது. லியோவே காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. குழந்தைக்கு என்ன தெரியும், அவன்மேல் பழி இல்லை என்று உடனே விடுவிப்பவர்களும் உண்டு. இரண்டும் அவசரத் தீர்ப்புகள் என்பது என் எண்ணம்.

காரணம் வேறு, குற்றம் வேறு, பொறுப்பு வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதனால்தான் நாம் தடுமாறுகிறோம். ஒருவர் தம் உயிரை முடித்துக்கொள்வதற்கு ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை. பல இழைகள் பின்னிக் கிடக்கும். லியோவின் விலகல் அவற்றுள் ஓர் இழையாக இருந்திருக்கலாம். அதனால் அவன் கொன்றவன் ஆகான். அவனுக்கு அந்த எண்ணம் இல்லை. விளைவை அறியும் வயதும் இல்லை. தன்னைக் காத்துக்கொள்ளவே அவன் விலகினான். ஆயினும் தான் நண்பனைத் தள்ளிவிட்டதாக அவன் உணர்கிறான், அவ்வுணர்வு பொய்யன்று. 'உன்மேல் ஒன்றும் இல்லை' என்று விரைந்து சொல்லி அவன் வாயை அடைப்பது இரக்கம் போலத் தோன்றினாலும், அவன் சொல்லவந்ததைக் கேட்க மறுப்பதே ஆகும்.

இவ்விடத்தில் படம் மிக உயர்ந்து நிற்கிறது. ரெமியின் தாய் சோஃபியின் வேடத்தை ஏற்றவர் எமிலி டெக்கென் என்னும் நடிகை, 2025இல் மறைந்துவிட்டார். லியோ அவளைத் தேடி அவள் பணிபுரியும் மருத்துவமனைக்கே செல்கிறான். இருவரும் காரில் வரும்போது, நான்தான் அவனைத் தள்ளிவிட்டேன் என்று சொல்லிவிடுகிறான். பெற்ற வயிறு அல்லவா! அவனைக் காரை விட்டு இறங்கச் சொல்கிறாள். அவன் காட்டுக்குள் ஓடுகிறான். பின்னர் அவளே அவனைத் தேடி ஓடுகிறாள். அவள் தன்னை அடிப்பாளோ என்று அஞ்சி அவன் ஒரு குச்சியைத் தூக்கிப் பிடிக்கிறான். அவள் அவனை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். குற்றவாளி என்றும் சொல்லவில்லை. குற்றமற்றவன் என்றும் சொல்லவில்லை. கேட்டாள், தாங்க முடியாமல் விலகினாள், திரும்பி வந்து தாங்கினாள். மன்னிப்பு என்பது ஒரு சொல்லன்று, திரும்பி வருதல் என்பதை அத்தாய் எனக்குக் கற்பித்தாள்.

அப்படியானால் பொறுப்பு யாருடையது? கேட்ட மாணவியும் குழந்தையே. ஏளனம் செய்த மாணவர்களும் குழந்தைகளே. அன்பைக் கண்டு சிரிக்கக் குழந்தைகள் எங்கிருந்து கற்றார்கள்? பெரியவர்களாகிய நம்மிடமிருந்துதான். குற்றம் என்று எவர்மேலும் சுமத்த இயலாத இடத்தில், பொறுப்பு என்று பெரியவர்கள் அனைவர்மேலும் வருகிறது. என்மேலும் வந்தது.

என் கணக்கில் எழுதாமல் விட்டது

1983ஆம் ஆண்டு. எட்டாம் வகுப்பில் இரு மாணவர்கள் ஒரே பலகையில் அமர்வார்கள். ஒரே டப்பாவில் உண்பார்கள். ஒருவன் வராத நாளில் மற்றவன் வாய் திறக்கமாட்டான். ஒருநாள் பாடம் நடக்கும்போது இருவரும் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான், 'என்னடா, புதுமணத் தம்பதி மாதிரி ஓயாத பேச்சு?' என்றேன். வகுப்பே அதிரச் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் முதல் பிள்ளைகள் அவ்விருவரையும் மாப்பிள்ளை, பெண் என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் அவர்களுள் ஒருவன் என்னிடம் வந்து, வேறு பலகையில் உட்காரட்டுமா என்று கேட்டான். நான் மகிழ்ந்து இசைவளித்தேன். வகுப்பில் பேச்சுச் சத்தம் குறைந்ததே என்று நிறைவடைந்தேன். ஆசிரியப் பயிற்சியில் இரைச்சலை அடக்கும் வழிகளை எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். அமைதி ஏன் வந்தது என்று கேட்க நான் கற்றிருக்கவில்லை.

எவருக்கும் உயிர்ச்சேதம் நேரவில்லை. இருவரும் படித்தார்கள், பணிக்குச் சென்றார்கள். பல்லாண்டுகளுக்குப் பின் ஒரு திருமணத்தில் அவர்களுள் ஒருவரைச் சந்தித்தேன். மற்றவரைப் பற்றி விசாரித்தேன். 'அவன் காய்ச்சலில் போய்விட்டான் டீச்சர். எனக்குத் தெரியவந்ததே தாமதமாகத்தான். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று' என்றார். நான் வருத்தம் தெரிவித்துவிட்டுப் பந்திக்குச் சென்றேன். அதற்கும் எனக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படத்தைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சில நாட்கள் கழித்து அவருடைய தொலைபேசி எண்ணை விசாரித்துப் பெற்றுப் பேசினேன். நான் அன்று சொன்னதைச் சொல்லி, அது தவறு, மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, 'நீங்கள் சொன்னது நினைவில்லை டீச்சர். எல்லோரும் சிரித்தது நினைவிருக்கிறது' என்றார். பலகையை மாற்றிக் கேட்டவர் அவர்தானாம். மீண்டும் போய் உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்ததாகவும், வெட்கத்தால் போகவில்லை என்றும் சொன்னார். பின்னர் தம் நண்பரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் கிணற்றில் நீந்தக் கற்றுக் கொடுத்தது, கணக்கில் தவறு செய்து அடி வாங்கியது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். ஒரு மணி நேரம் கடந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய அம்மனிதர் இவற்றை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை என்றார். 'நண்பன்தானே, இவ்வளவு காலம் கழித்து அழுதால் வீட்டில் என்ன நினைப்பார்கள்?' என்றார்.

நண்பன்தானே! படத்தைப் பார்த்து 'வெறும் நண்பர்கள்தானா?' என்று கேட்டதும் இதே சொல்தான். மனைவியை இழந்தவருக்குத் துக்கம் கேட்க வருகிறோம். தமையனை இழந்தவருக்கும் வருகிறோம். நண்பனை இழந்தவரிடம் எவரும் துக்கம் கேட்பதில்லை.

நாம் செய்யத் தக்கவை

படம் கண்ணீரைக் கறக்கிறதா, உண்மையானதா என்னும் வாதத்திற்கு என்னால் இவ்வளவே விடை கூற இயலும். விளக்கு எரிந்ததும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அதே ஏளனத்திற்குத் திரும்புவோமானால், குறைகூறியவர்கள் சொன்னதே சரி. மறுநாள் ஒரு சொல்லையேனும் விழுங்கிக்கொள்வோமானால் அக்கண்ணீர் வீண் போகவில்லை.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் வயது முதிர்ந்த உரிமையோடு சிலவற்றைச் சொல்கிறேன். பிள்ளைகளின் நட்புக்குக் கேலிப்பெயர் சூட்டாதீர்கள். அன்பாகச் சூட்டினாலும் அது வெளியே சென்று வேறு பொருள் பெறும். எந்நேரமும் சேர்ந்திருந்த இருவர் திடீரென்று விலகினால், படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று மகிழாமல், என்ன நேர்ந்தது என்று தனியே அழைத்துக் கேளுங்கள். அடம் பிடிக்காத, பேசாத பிள்ளை நல்ல பிள்ளை என்று விட்டுவிடாதீர்கள். வாழ்வதில் விருப்பமில்லை என்னும் பொருள்பட எந்தப் பிள்ளை பேசினாலும் அதை விளையாட்டென்று தள்ளாமல் அருகில் இருந்து கேளுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் உதவி கிடைக்கும். நண்பரை இழந்தவர் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், உறவினருக்குப் போவது போலவே அவர் வீட்டுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள்.

படம் பார்த்து ஒன்றும் பேசாதிருந்த என் பேரன் ஊருக்குப் புறப்படும் நாளில் என்னிடம் வந்து, 'பாட்டி, எங்கள் வகுப்பிலும் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் சிரிப்போம்' என்றான். நான் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. 1983இல் நடந்ததைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.